மருந்து போடாத மீன்

தம்பி,

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நடுவில் நீ "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவாய். அந்தக் குரலைக் கேட்டதும் என் வாய் பழைய பொய்யையே திரும்பச் சொல்லிவிடும். என் வாயை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் உன் பழைய பள்ளிக்கூட நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுத உட்கார்ந்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை வேலையை முடித்துவிட்டு வந்து குளித்தேன், அடுப்புப் பக்கம் போகவில்லை. நாளைக்குத் தஞ்சோங் காராங் தபால் ஆபீசில் இதைப் போட்டால் உனக்கு வியாழனுக்குள் கிடைத்துவிடும். வெளிநாட்டுப் படிப்புக்குப் போகுமுன் சனிக்கிழமை நீ என்னிடம் சொல்லிக்கொண்டு போக வருகிறாய். அதற்குள் நீ இதைப் படித்திருக்க வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே, ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. படித்து முடித்ததும் கோபம் வரும். வரட்டும், நான் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறேன்.

போன ஞாயிறு நீ போன் செய்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய்! "அம்மா, வளையம் வந்துச்சும்மா!" என்று கத்தினாய். நான், "என்னடா வளையம், எந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு விளக்கினாய். ஒரு கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, நடுவில் நம் குளத்து சியாக்காப் மீனின் தோலிலிருந்து எடுத்த வழவழப்பை ஒரு சொட்டு வைத்தாயாம். மறுநாள் பார்த்தால் அந்தச் சொட்டைச் சுற்றிக் கிருமியெல்லாம் செத்து, தெளிவாக ஒரு வளையம் தெரிந்ததாம். "சூப்பர்வைசர் ரொம்ப ஹேப்பிம்மா. இத வச்சுத்தான் அங்க டாக்டரேட்டுக்கு எடம் கெடச்சிருக்கு. ஒரு பெரிய ஜர்னலுக்கும் எழுதிட்டோம், இன்னும் ரெண்டு வாரத்துல அனுப்பணும். தீசிஸ்ல மொதல் பக்கத்துல அப்பா பேரு போட்டிருக்கேன்" என்றாய். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "ஒண்ணு மட்டும் புரியலம்மா. லேப்ல வளக்குற சாதாக் கிருமியில வளையம் பெருசா வருது. நம்ம குளத்துத் தண்ணியில இருந்து எடுத்த கிருமியில மட்டும் ஒண்ணுமே இல்ல. சுத்தமா இல்ல. ஏன்னே தெரியல. அங்க போய்ப் பாத்துக்கலாம்லா" என்றாய்.

உனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மூன்றாம் படிவத்தோடு நின்றவள் நான், நீ படித்த படிப்புக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை. ஆனாலும் காலில் வெந்நீர் கொட்டியதுபோல் துடித்துப் போனேன். "சரி தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். ஏன் தெரிந்தது என்று சொல்ல, நான் பின்னாலிருந்து வர வேண்டும். அவசரப்படாமல் படி.

உன் அப்பா மீனைத் தொடுகிற அழகு உனக்கு நினைவிருக்கும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த மனுஷன், முதுகு போனபிறகுதான் இந்தக் குளத்து வேலைக்கு வந்தார். வந்த முதல் மாதமே ஏதோ பிறந்ததிலிருந்து மீனோடு வளர்ந்தவர் மாதிரி ஆகிவிட்டார். குஞ்சு மீன்களைச் சின்னக் குளத்திலிருந்து பெரிய குளத்துக்கு மாற்றும் நாளில் முதலில் இரண்டு கையையும் தண்ணீரில் முக்குவார், அப்புறம்தான் தொடுவார். புதிதாக வந்த ஆள் துணிக் கையுறையோடு மீனைப் பிடித்தால் போச்சு. "டேய், அதோட சட்டைய உருவாதடா! அந்த வழவழப்புதான் அதுக்கு உசுரு" என்று குளக்கரையே அதிரக் கத்துவார். இதை எந்தப் புத்தகத்திலும் படித்து அவர் சொல்லவில்லை. காய்ந்த கை பட்ட மீன் மூன்றாம் நாள் உடம்பில் வெள்ளை பூத்துச் சாவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

நீ ஆறாம் வகுப்பு படித்தபோது, கொக்கு குத்தி முதுகில் ஓட்டை விழுந்த ஒரு சியாக்காப் மீனை அவர் நீலப் பீப்பாயில் தனியாக விட்டு வைத்தார். நீ தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பாய். "இவ்ளோ அழுக்குத் தண்ணிப்பா, எனக்கு முட்டியில அடிபட்டா மட்டும் ஏன் அழுக்குப் படக்கூடாதுன்னு அம்மா திட்டுறாங்க? இதுக்கு எப்படி ஆறுது?" என்று கேட்டாய். அவர், "அது மேலயே மருந்துக் கடை வச்சிருக்குடா" என்றார். பத்துப் பன்னிரண்டு நாளில் ஓட்டை மூடிக்கொண்டது. நீ இன்று பெரிய பெரிய பெயர் சொல்லி ஆராய்ச்சி செய்கிறாயே, அதற்கு விதை அந்தப் பீப்பாய்தான். அந்த மீனை நான் தீபாவளிக்குப் பொரித்துவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். அன்றைக்கு அவ்வளவு கோபப்பட்டவன் இன்றைக்கு என்ன செய்வாயோ என்றுதான் பயமாக இருக்கிறது.

இனி என் பக்கத்துக் கதை. உன் அப்பா குளத்தில் நின்றார், நான் தீனிக் கொட்டகையில் நின்றேன். தீனி உருண்டையை மீன் எண்ணெயோடு பிசைவது என் வேலை என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். பிசைந்தது அதை மட்டும் அல்ல. மீன் சரியாகத் தின்னாமல் ஒதுங்க ஆரம்பித்தால் தவுக்கே, அதான் எங்கள் சீன முதலாளி, மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துத் தூளைக் கொண்டுவந்து கொடுப்பார். முதலில் நோய் வந்த குளத்துக்கு மட்டும் போட்டோம். அப்புறம் பக்கத்துக் குளத்துக்கும் வந்துவிடக் கூடாதே என்று அதற்கும் போட்டோம். கடைசியில் மழைக்காலம் தொடங்கினால் எல்லாக் குளத்துக்கும் என்று ஆகிவிட்டது. மருந்து போட்ட மீனை இத்தனை வாரம் கழித்துத்தான் பிடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அது எனக்குத் தெரியும். லோரி வந்து நிற்கும்போது அந்த விதியை யார் பார்த்தார்கள்? தவுக்கே கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். உனக்கு டெங்கி வந்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். மீன் செத்து மிதப்பதைப் பார்க்க முடியாமல் பயந்தார், அவ்வளவுதான்.

பரிசோதனைக்கு யாராவது வந்தால் என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். "அவங்க மூஞ்சியப் பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது" என்று கணக்கு எழுதும் கிராணி சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு மலாய் நன்றாக வரும். "ஊபாட்?" என்று கேட்பார்கள், மருந்து போடுகிறீர்களா என்று. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "தாக் அடா, என்சே" என்பேன். ஒன்றும் இல்லை ஐயா. ஒரு தடவைகூடக் கண் சிமிட்டியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. உன் அப்பாவுக்கு அது பிடிக்காது. "இப்படிப் பொய் சொல்லி வாய் பழகிடும்டி" என்பார். நான், "ஆமா, நீங்க மட்டும் அரிச்சந்திரன் பேரன்" என்று அவர் வாயை அடைத்துவிடுவேன்.

அவர் கையில் முள் குத்திய நாளைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். நீ அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சையில் இருந்தாய். நான்காம் குளத்துக் குஞ்சுகளை மாற்றிக்கொண்டிருந்தார், வழக்கம்போல் வெறுங்கை, ஈரக் கை. முதுகு முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. வருஷத்துக்கு நூறு தடவை குத்துகிற முள்தான். துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். சாயங்காலம் கை வீங்கி, தோல் கறுத்து, கொப்புளம் கட்டியது. அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, இருந்தது உனக்குத் தெரியும். சுங்கை பெசார் கிளினிக்கில் பார்த்ததுமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கிராணிதான் வண்டி ஓட்டினார்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், மலாய்க்காரப் பெண், முகமெல்லாம் களைப்பு. என்னைத் தனியாக அழைத்து மலாயில் பொறுமையாகக் கேட்டாள். "அக்கா, எந்தத் தண்ணீர்? மீன் குளமா? அந்த மீன்களுக்கு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா? பெயர் தெரியாவிட்டால் நிறத்தையாவது சொல்லுங்கள். கொடுத்திருந்தால் அந்த மருந்தும் அதன் வகையும் இந்தக் கிருமிக்குப் பழகியிருக்கும். நாங்கள் வேறு மருந்தில் ஆரம்பிக்க வேண்டும்." இதைவிடத் தெளிவாக ஒருத்தி கேட்க முடியாது, தம்பி. என் நகத்தில் அந்த மஞ்சள் அப்போதும் இருந்தது. நான் சொன்னேன், "தாக் அடா, டாக்டர்."

கிராணி பக்கத்தில் நின்றார், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று நாலு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நல்ல சாக்கு. மறுநாள் காலையில் கிராணி இல்லை. அதே டாக்டர் வந்து அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்டாள். அப்போது நான் யாருக்குப் பயந்தேன்? நேற்று பொய் சொன்னவள் என்று அந்தப் பெண் என்னைப் பார்ப்பாளே என்றுதான் பயந்தேன். புருஷன் கை கறுத்துக் கிடக்கிறது, நான் மானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மூன்றாம் நாள் அவர்களே பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்தை மாற்றினார்கள். அதற்குள் கையை எடுத்துவிட்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் விடிந்ததும் அவர் போய்விட்டார். நீ வந்து சேர்ந்தபோது துணி போட்டு மூடியிருந்தது. அந்த டாக்டரை நடைபாதையில் பிடித்துக் கேட்டேன், "அந்த மருந்தை முதல் நாளே கொடுத்திருந்தால்?" அவள் என் தோளில் கை வைத்து, "சொல்ல முடியாது அக்கா. இனிப்பு நீர் வேறு. சொல்லவே முடியாது" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். பிழைத்திருப்பார் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே நானும் செத்திருப்பேன். பிழைத்திருக்கமாட்டார் என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். அவள் எதையும் சொல்லவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் அப்பாவுக்குப் படையல் போட்டோம். கோழி, ஆட்டிறைச்சி, முட்டை, அவர் குடிக்கும் ஸ்டவுட் போத்தல் எல்லாம் வாழையிலையில் வைத்தேன். நீ இலையைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குச் சியாக்காப்தானம்மா உசுரு. ஏன் வைக்கல?" என்று கேட்டாய். "நல்ல மீனு கெடைக்கல" என்றேன். குளத்திலேயே வேலை செய்கிறவள் மீன் கிடைக்கவில்லை என்கிறேன், நீயும் நம்பினாய். உன்னிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் அதுதான், என்ன சொன்னாலும் நம்புகிறாய். அன்று சாப்பிடும்போதுதான், மேற்படிப்புக்கு மீன் வழவழப்பை எடுக்கப் போகிறேன் என்றாய். அப்பாவைக் கொன்ற கிருமியை அப்பாவின் மீனே கொல்லுமா என்று பார்க்கப் போகிறேன் என்றாய். காரம் அதிகம் என்று சொல்லி எழுந்து போனேன்.

நீ எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? தஞ்சோங் காராங் பஸ் நிலையத்துக் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த தேத்தண்ணியைத் தூக்கிப் பிடித்தாய். "இதான்மா கிருமி. மருந்துங்கிறது உள்ள போய் அதோட ஏதோ ஒரு வேலைய நிறுத்தும். கிருமி கெட்டிக்காரப் பய, அந்த வேலையையே வேற மாதிரி செய்யக் கத்துக்கிட்டா மருந்து காலி. மீனோட தோல்ல, செவுள்ள எல்லாம் பெப்டைட்னு ஒண்ணு இருக்கு. ரொம்பச் சின்னப் புரதம். அது உள்ளயே போகாது. நேரா பையையே குத்தும்" என்று சொல்லிப் பல்குச்சியால் நாலு குத்துக் குத்தினாய். தேத்தண்ணி என் புடவையில் ஊற்றியது. "தோலையே மாத்தணும்னா கிருமிக்கு ரொம்பக் கஷ்டம்மா. அதனால இதுக்குப் பழகுறது லேசுல நடக்காது" என்றாய். நான் திட்டிக்கொண்டே துடைத்தேன். உன் அப்பா சொன்ன மருந்துக் கடைக்கு நீ பெயர் கண்டுபிடித்துவிட்டாய் என்று உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். புடவைக் கறை இன்னும் போகவில்லை.

போன வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம், வியாழக்கிழமை, நீ பெட்டியும் குழாயுமாக வந்தாய். தவுக்கே சந்தோஷமாக அனுமதி கொடுத்தார். நீ இரண்டு கையையும் தண்ணீரில் முக்கிவிட்டு ஐந்தாம் குளத்து மீனைத் தூக்கினாய், அப்படியே உன் அப்பா. நான் கரையில் திரும்பி நின்று அழுதேன். வெயில் என்றேன், நம்பினாய். அப்புறம் ஒரு பாரத்தை, ஆராய்ச்சிக்கான படிவத்தை, நீட்டினாய். மீன் வகை, தண்ணீர், தீனி, கடைசியில் மருந்து. "ஃபோர்மாலிட்டிதாம்மா. இந்தக் குளத்துக்கு மருந்து போட்டிருக்கா? எப்பவாச்சும்?" என்று கேட்டாய். பக்கத்தில் கிராணி இல்லை, தவுக்கே இல்லை. காற்றும் நாமும்தான். "இல்ல தம்பி" என்றேன். நீயே "இல்லை" என்று எழுதிக்கொண்டாய். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்னம்மா வெரலெல்லாம் மஞ்சளா இருக்கு?" என்றாய். "ஒனக்குப் பொரிக்கத்தான், கோழிக்கு மஞ்சள் தடவுனேன்" என்றேன். அந்தக் கோழியை நீ நன்றாகச் சாப்பிட்டாய்.

இப்போது நான் சொல்வதைக் குறித்துக்கொள். அந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலைத் தீனியில் ஐந்தாம் குளத்துக்கு மஞ்சள் தூள் போட்டேன். என் கையால், நீலத் தொட்டியில், மீன் எண்ணெய் ஊற்றிப் பிசைந்து போட்டேன். நீ வியாழக்கிழமை எடுத்தது அந்த மீனின் வழவழப்பு. மீன் தின்ற மருந்து அதன் தோல் வழவழப்பிலும் வந்து நிற்குமா நிற்காதா என்று உனக்குத்தான் தெரியும். என் புத்திக்கு எட்டியது இவ்வளவுதான்: உன் சாதாக் கிருமி அந்த மஞ்சள் தூளைக் கண்டதில்லை, அதனால் செத்தது. நம் குளத்துக் கிருமி வருஷக்கணக்காக அதைத் தின்றே வளர்ந்தது, அதனால் சாகவில்லை. உன் அப்பாவுக்கு முதல் இரண்டு நாள் ஏற்றிய மருந்தும் அதே வகை, அதிலும் சாகவில்லை. நீ பார்த்த வளையம் மீனுடையது இல்லை, தம்பி. அது என்னுடையது.

இந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை எழுதி உன்னைக் கரைக்கப் போவதில்லை. சும்மா இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். பிள்ளை விமானம் ஏறட்டும், அங்கே போய் எப்படியாவது தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அப்படி நீ கண்டுபிடித்தால் ஊரார் முன்னால் உன்னைத்தான் பொய்யன் என்பார்கள், என்னை இல்லை. கண்டுபிடிக்காமலே போனால் இன்னும் மோசம். நாளைக்கு எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒருத்தன் கை கறுத்துக் கிடப்பான், உன் ஆராய்ச்சியை நம்பி ஒரு டாக்டர் ஏதாவது செய்வாள். இதெல்லாம் பெரிய பேச்சு என்று நீ சொல்லலாம். எனக்கு அது பெரிய பேச்சு இல்லை, அந்தக் கட்டிலை நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று தவுக்கேயிடம் போய், இனிமேல் அந்தத் தூளைத் தொடமாட்டேன் என்றேன். அவர், "சரி, பொம்பளே. ஒனக்கு வயசாச்சு, வலை தைக்கிற வேலைக்குப் போ" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். இன்று காலை நான் வலைக் கொட்டகையில் இருந்தபோது, வேறொரு பெண் நீலத் தொட்டியில் பிசைந்துகொண்டிருந்தாள். கையுறைகூடப் போடவில்லை. நான் விலகியதால் உலகம் திருந்திவிடவில்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதையும் எழுதுகிறேன். அந்தத் தூள் வந்த காலிப் பை ஒன்றை எடுத்துவந்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். பெயர், அளவு எல்லாம் அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. உன் சூப்பர்வைசரிடம் காட்டு. என் கையெழுத்து பொய் என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட வேண்டுமானாலும் போடுகிறேன், எத்தனை தாளில் வேண்டுமானாலும்.

நீ போகிற ஊரிலும் குளம் இருக்கும், அதில் வேலை செய்கிற என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் மருந்து போட்டீர்களா என்று கேட்பாய். அந்த வாய்க்குப் பின்னால் ஒரு வயிறு இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு முதலாளி இருக்கிறார் என்பதை மறந்துவிடாதே. அவர்களைத் திட்டாதே. பதிலையும் நம்பாதே. மீனிடம் கேள். அதைச் சோதித்துப் பார்க்க உன் ஆய்வுக்கூடத்தில் வழி இருந்திருக்கும், தம்பி, எனக்கு நிச்சயமாகத் தெரியும். அம்மா சொல்லிவிட்டாளே என்று நீ அதைச் செய்யாமல் விட்டாய். உன் தப்பு அந்த ஒன்றுதான், அதற்கும் காரணம் நான்தான். இனிமேல் யாருடைய அம்மா சொன்னாலும் சோதித்துப் பார்.

அப்பாவின் பெயரை மட்டும் எடுத்துவிடாதே. இந்த ஆராய்ச்சியில் வேண்டாம். மருந்து போடாத ஒரு மீனை எங்கேயாவது கண்டுபிடித்து, ஈரக் கையால் தூக்கி, மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வாய் அல்லவா, அதில் போடு. அதிலும் வளையம் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அது மீனுடையதாக இருக்கட்டும். பயணம் தள்ளிப் போனால் போகட்டும். இடமே போய்விட்டாலும், ஐயோ, இந்தத் தாளைக் கிழிக்கமாட்டேன்.

சனிக்கிழமை வரும்போது அந்தப் பாரத்தையும் கொண்டு வா. கேட்டைத் திறந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் இன்னொரு தடவை என்னிடம் கேள். கடிதத்தில்தான் எழுதிவிட்டாயே என்று விட்டுவிடாதே. என் வாய் அதைச் சொல்லிப் பழக வேண்டும். நான் வாசலில் நின்று, உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். போட்டேன், தம்பி. நான்தான் போட்டேன்.

அதற்கப்புறம் உள்ளே வருவதும் அப்படியே திரும்பிப் போவதும் உன் இஷ்டம். சோறு வடித்து வைத்திருப்பேன். மீன் இருக்காது.

அம்மா